38 பழைய புத்தகங்களை மின்னூலாக்க: நன்னூலும் கொஞ்சம் பைத்தானும்

கேள்வி இது. திருவல்லிக்கேணியில் அப்பா நடத்திய சிறு பதிப்பகத்தின் 38 புத்தகங்களை மின்னூலாக்க வேண்டும். பாதிப் புத்தகங்களுக்கு பேஜ்மேக்கர் கோப்பு சிடியில் இருக்கிறது, பாமினி எழுத்துருவில். மீதிக்கு அச்சுப் பிரதி மட்டும்தான். ஸ்கேன் செய்து ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) போட்டு உரையாக்கியாகிவிட்டது. முதல் நாவலைக் கையால் சுத்தம் செய்யவே ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி தெரியும். மீதி 37 புத்தகங்களையும் (இரண்டு கவிதைத் தொகுப்பும் ஒரு சமையல் புத்தகமும் இதில் உண்டு) நிரல் எழுதி ஒரேயடியாக முடித்துவிட முடியுமா? எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

முடியும். 'ஒரேயடியாக' என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

தரமணிப் பக்கம் ஒரு டைப்செட்டிங் கம்பெனியில் பல வருடம் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் பக்கம் கோத்தவன் நான். சென்னையில் இந்த வேலை செய்யும் கம்பெனிகள் நிறைய. ஆங்கிலக் கோப்பு உள்ளே வந்தால் பாதி வேலையை நிரலே முடித்துவிடும், நாங்கள் டீ குடித்துவிட்டு வருவோம். அந்தத் தைரியத்தில் தமிழ்ப் புத்தகத்தில் கை வைத்து நான் வாங்கிய அடியை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்து புரியும்.

தெரிந்தவர் ஒருவரின் நாவல். அதில் 'மௌனம்', 'கௌரவம்' எல்லாம் 'மெளனம்', 'கெளரவம்' என்று தட்டச்சாகியிருந்தன. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஔகாரக் குறி ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் எகரக் கொம்பும் ளகரமும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். தேடலில் 'மௌனம்' என்று போட்டால் கிடைக்காது. குரல் வாசிப்பில் 'மெ ள னம்' என்று படிக்கும். சரி, கொம்புக்குப் பின் ள வந்தால் ஔகாரக் குறியாக மாற்று என்று ஒரு வரி எழுதி ஓட்டினேன். இரண்டாயிரத்துச் சொச்சம் மாற்றம் என்று காட்டியது. ஒரு நாவலில் இரண்டாயிரம் மௌனம் எப்படி வரும் என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மறுநாள் ஆசிரியர் போன் செய்தார். "என்ன சார், வெள்ளம் வர்ற அத்தியாயம் பூரா புள்ளி வட்டமா இருக்கு?" வெள்ளம் எல்லாம் 'வௌ்ளம்' ஆகியிருந்தது. வெளியே 'வௌியே'. தெளிவு 'தௌிவு'.

அன்றிலிருந்து ஒரு கொள்கை வைத்திருக்கிறேன். ஒரு எழுத்துச் சேர்க்கை தமிழில் எங்கேயுமே வர வழியில்லை என்றால், கண்ணை மூடிக்கொண்டு நிரலை மாற்றச் சொல்லலாம். ஒரே ஒரு சொல்லில் வர வழியிருந்தாலும், நிரல் பட்டியல் போட்டுக் கொடுக்கட்டும், மாற்றுவது நாம். நல்ல வேளையாக, எது வரும், எது வராது என்று நம் இலக்கணக்காரர்கள் எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்துவிட்டார்கள்.

மேலே சொன்ன ஔகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பு, ள, அதன்பின் ஒரு புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது நிஜமான ளகரம். வெள்ளம், வெளி, தெளிவு எல்லாம் இந்த வகை. அவற்றைத் தொடக்கூடாது. அதே மாதிரி ஔகாரக் குறிக்குப் பின்னால் புள்ளியோ இன்னொரு உயிர்க்குறியோ வந்திருந்தால், என்னைப் போல யாரோ ஏற்கெனவே கெடுத்துவைத்த கோப்பு அது; திருப்பி மாற்றிவிடலாம், தப்பே வராது. கொம்புக்குப் பின் ள மொட்டையாக நின்று அடுத்து வேறு மெய் வந்தால் அது பெரும்பாலும் ஔகாரம்தான். ஆனால் 'பெரும்பாலும்' என்று வந்துவிட்டதால் அது பட்டியலுக்குப் போக வேண்டியது. மௌனம், கௌரவம், சௌகரியம், பௌர்ணமி, பௌத்தம், லௌகீகம், ரௌத்திரம், திரௌபதி, வௌவால், கௌதாரி என்று ஒரு முப்பது நாற்பது சொல் எழுதி வைத்தால் முக்கால்வாசி முடிந்துவிடும்.

இதைவிட அதிகம் கண்ணில் படுவது 'அவா்கள்' வகை. உற்றுப் பாருங்கள், அதில் இருப்பது ர் இல்லை. துணைக்காலும் அதன் தலையில் ஒரு புள்ளியும். பழைய கையெழுத்திலும் அச்சிலும் ர், ரி, ரீ மூன்றுக்கும் அடியில் சாய்கோடு போடுவதில்லை. அந்தப் பழக்கத்தில் தட்டச்சு செய்தவர்கள் காலைத் தட்டிப் புள்ளி வைத்தார்கள், காலைத் தட்டிக் கொக்கி போட்டார்கள். அச்சில் அழகாக வந்தது. யூனிகோடுக்கு மாறியதும் 'அாிசி', 'ஆசிாியா்' என்று மாட்டிக்கொண்டது. இங்கே சந்தேகத்துக்கே இடமில்லை. காலுக்கு மேல் புள்ளியோ இகரக் குறியோ ஈகாரக் குறியோ தமிழில் வரவே வராது. மூன்று மாற்றங்களையும் தாராளமாக ஓட்டுங்கள். 'பாா்த்தான்' என்று இரண்டு கால் அடுத்தடுத்து வந்தாலும் பயம் வேண்டாம். முதல் கால் பாவுடையது, இரண்டாவதுதான் ர்.

ஓசிஆர் செய்யும் இன்னொரு குறும்பு, எழுத்துக்குப் பதில் தமிழ் எண்ணைப் போடுவது. 'என்ன' என்பதில் எகரத்தின் இடத்தில் ஏழைக் குறிக்கும் ௭ நிற்கும். க, உ, அ மூன்றுக்கும் முறையே ௧, ௨, ௮ வரலாம். தமிழ் எண்ணுக்குப் பக்கத்தில் இடைவெளியில்லாமல் தமிழ் எழுத்து ஒட்டியிருந்தால் மாற்றுங்கள். தனியாக நின்றால் தொடாதீர்கள். பழைய பதிப்புகளில் முன்னுரைப் பக்க எண்ணும் பாட்டு எண்ணும் தமிழ் எண்ணில்தான் இருக்கும்.

இவற்றில் பலவற்றுக்கு முன்னால் ஒரு படி உண்டு. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரமும் ஒகரக் குறியும் என்று ஒரு விதம். ககரம், எகரக் கொம்பு, கால் என்று இன்னொரு விதம். பார்வைக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. பைத்தானோடு வரும் யூனிகோடு நூலகத்தில் என்எஃப்சி என்ற சீராக்கம் இருக்கிறது. காலை ர் ஆக்கும் மூன்று மாற்றங்களையும் முடித்ததும் அதை ஓட்டிவிடுங்கள் (முன்பே ஓட்டினால் 'பொிய' போன்றவற்றில் கொம்பும் காலும் ஒகரக் குறியாக ஒட்டிவிடும்), மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஓட்டாமல் மற்ற விதிகளை எழுதினால் பாதி இடங்களில் பொருந்தாது, ஏன் பொருந்தவில்லை என்று ராத்திரி பதினோரு மணிக்குத் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். ஸ்ரீயிலும் இதே கதைதான். ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. இதை என்எஃப்சி கவனிக்காது. ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீங்களே மாற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஜீரோ விட்த் குறிகள் எழுத்துரு மாற்றத்தில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும், அவற்றையும் துடைக்கலாம். ரிக்‌ஷா போன்ற சொற்களில் மட்டும் ககரமும் ஷகரமும் கூட்டெழுத்தாக ஒட்டாமல் இருக்க வேண்டுமென்றே அந்தக் குறியை வைத்திருப்பார்கள், அவற்றை விட்டுவிடுங்கள்.

பாமினிக் கோப்புகளுக்கு வருகிறேன். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அடித்தால் திரையில் 'தமிழ்' என்று தெரியும். உள்ளே இருப்பது அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். மாற்றுவதற்கு ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்திலேயே வழி இருக்கிறது. வினை எங்கே என்றால், புத்தகத்தின் நடுவே வரும் நிஜ ஆங்கிலச் சொற்களில். மொத்த உரையையும் நகலெடுத்து மாற்றியில் போட்டால் அந்த ஆங்கிலமும் தமிழாகி, படிக்க முடியாத ஏதோ ஒன்று வந்து நிற்கும். அதனால் வெறும் உரையாக எடுக்காதீர்கள். பேஜ்மேக்கரிலிருந்து ஆர்டிஎஃப் ஆக வெளியே எடுத்து, வேர்டில் திறந்து டாக்எக்ஸ் ஆகச் சேமியுங்கள். அதில் ஒவ்வொரு துண்டுக்கும் எந்த எழுத்துரு என்ற விவரம் கூடவே வரும். பைத்தானில் அதைப் பார்த்து, பாமினி என்று இருக்கும் துண்டுகளை மட்டும் மாற்றுங்கள். தலைப்புகளுக்கு வேறொரு பழைய எழுத்துரு போட்டிருப்பார்கள், பெரும்பாலும் அதன் குறியீடு வேறாக இருக்கும். கோப்பில் எந்தெந்த எழுத்துரு எத்தனை இடத்தில் வருகிறது என்று முதலில் ஒரு கணக்கு எடுத்துவிட்டால் பிறகு அதிர்ச்சி இருக்காது.

பிடிஎஃபிலிருந்து நகலெடுத்த உரை கையில் இருந்தால், கூடிய மட்டும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மூலக் கோப்புக்குப் போங்கள். பல பிடிஎஃப்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்துவிடும். 'பெண்' என்பது 'ெபண்' ஆகும். சொல்லின் தொடக்கத்தில் என்றால் நகர்த்திவிடலாம். சொல்லின் நடுவில் அந்தக் கொம்பு முந்தைய எழுத்துக்கா, அடுத்த எழுத்துக்கா என்று நிரலுக்குத் தெரியாது.

இப்போது ஸ்கேன் செய்த புத்தகங்கள். உங்கள் ஒன்றரை மாதத்தில் பெரும்பகுதி இங்கேதான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் பக்கத் தலைப்புகளை எடுங்கள். இடப் பக்கத்தில் நூலின் பெயர், வலப் பக்கத்தில் அத்தியாயத்தின் பெயர், கூடவே பக்க எண். இவை போகாமல் வரிகளை ஒட்டினால், கதாநாயகி அழுதுகொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவே புத்தகத்தின் பெயர் வந்து நிற்கும். ஓசிஆர் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பை ஒவ்வொரு விதமாகப் படித்திருக்கும் என்பதால் நேரடியாக ஒப்பிட்டால் சிக்காது. பைத்தானோடு வரும் டிஃப்லிப் நூலகத்தால் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்த்து, பக்கத்தின் முதல் வரி எண்பது விழுக்காட்டுக்கு மேல் ஒத்தால் நீக்கலாம். பக்கம் முடியும் இடத்தை ஓசிஆர் ஒரு குறியால் காட்டியிருக்கும். அதை இந்த வேலை முடியும்வரை அழித்துவிடாதீர்கள்.

அப்புறம் வரி ஒட்டுதல். ஆங்கிலப் புத்தகத்தில் வரிக் கடைசியில் சொல் உடைந்தால் ஒரு ஹைஃபன் காட்டிக்கொடுத்துவிடும். தமிழ் அச்சில் ஹைஃபன் இல்லாமலே உடைப்பார்கள். 'வெளியே வந்' என்று ஒரு வரி முடியும், 'தான்' என்று அடுத்தது தொடங்கும். இதே 'தான்' வேறொரு இடத்தில் 'அவனைத்' என்ற வரிக்கு அடுத்து 'தான் பார்த்தேன்' என்று தனிச் சொல்லாகத் தொடங்கும். ஒட்டுவதா, இடைவெளி விடுவதா? இருநூறு பக்க நாவலில் இப்படி ஐயாயிரம் ஆறாயிரம் இடங்கள்.

இங்கேதான் நன்னூல் கைகொடுக்கும். பவணந்தியார் சொல்லின் முதலில் வரும் எழுத்துகளை 22 என்று கணக்கிடுகிறார். உயிர் 12, உயிர்மெய் வரிசைகளில் க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்று 10. இந்தக் கணக்கில் இல்லாத ர, ல, ட மூன்றும் இன்று ரயில், லாரி, டாக்டர் என்று தாராளமாக முதலில் வருகின்றன. ஆனால் ண, ன, ழ, ள, ற ஐந்தும் இன்றைக்கும் ஒரு சொல்லின் தலையில் அநேகமாக வருவதில்லை. றகரத்தில் மட்டும் றெக்கை, இலங்கை வழக்கின் றப்பர் என்று சில சொற்கள் உண்டு, அவற்றைப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி ஒரு வரி இவற்றில் ஒன்றால் தொடங்கினால் அது முந்தைய வரியின் வால். கேள்வி கேட்காமல் ஒட்டுங்கள். 'சென்' 'றான்', 'வந்தாங்க' 'ளே' எல்லாம் இதில் முடிந்துவிடும்.

வரியின் கடைசியையும் பார்க்கலாம். சொல்லின் ஈற்றில் வரும் மெய்கள் 11 என்கிறது நன்னூல். ங் அதில் இல்லை. ஞ், ந் இரண்டும் உண்டு, ஆனால் உரிஞ், வெரிந் போல இன்று யாரும் எழுதாத ஓரிரு சொற்களுக்காக. ஆக இந்த மூன்றில் ஒன்றால் வரி முடிந்தால் அடுத்த வரியோடு ஒட்டலாம்: 'வந்' 'தான்', 'கொஞ்' 'சம்', 'மரங்' 'கள்'. இரண்டு எச்சரிக்கை உண்டு. மீட்டிங், டைப்செட்டிங் என்று ங்கில் முடியும் ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன, அவை பட்டியலுக்குப் போகட்டும். பழைய உரைநடையில் 'வருங் காலம்', 'செய்யுந் தொழில்' என்று பிரித்தெழுதும் வழக்கம் இருந்தது. உங்கள் பட்டியலில் அந்தக் காலத்துக் கட்டுரை நூல் இருந்தால், அந்த ஒரு நூலுக்கு மட்டும் இந்த விதியை அணைத்துவிடுங்கள். ட், ற் இரண்டையும் நான் இதில் சேர்ப்பதில்லை. கிரிக்கெட் இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது, 'முதற் பதிப்பு' என்று இடம் விட்டு எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

மீதி இருப்பதுதான் நிஜமான சிக்கல். 'பார்த்' 'தான்' ஒட்ட வேண்டியது. 'அதைத்' 'தேடினான்' பிரிய வேண்டியது. இரண்டும் த் என்று முடிந்து தகரத்தில் தொடங்குகின்றன. 'பெண்' 'டாக்டர்' பிரிய வேண்டும், 'கண்' 'டாள்' ஒட்ட வேண்டும். இலக்கணம் இங்கே நின்றுவிடுகிறது. பெரிய அகராதியை இறக்கிச் சோதிக்கலாம் என்று தோன்றும். தமிழில் ஒரு வினையே நூற்றுக்கணக்கான உருவம் எடுக்கும், எந்த அகராதியும் போதாது. நான் செய்வது வேறு. அந்தப் புத்தகத்தையே அகராதி ஆக்கிவிடுவேன். வரியின் நடுவில் வரும் சொற்கள் உடையாதவை. அவற்றை மட்டும் எண்ணி ஒரு பட்டியல் எடுங்கள். 'பார்த்' தனியாக ஒருமுறைகூட இல்லை, 'பார்த்தான்' அறுபது முறை இருக்கிறது என்றால், ஒட்டு. 'அதைத்' தனியாக இருபது முறை இருக்கிறது, 'அதைத்தேடினான்' இல்லவே இல்லை என்றால், பிரி. 'வந்து' 'விட்டான்' போன்றவற்றில் இரண்டுமே சரி. அங்கே ஆசிரியர் வேறு இடங்களில் எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்த்து எது அதிகமோ அதைப் பின்பற்றலாம். இதற்கும் பிடிபடாதது சில நூறு இடங்கள் மிஞ்சும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம், வட்டார வழக்கு பிழைத்துக்கொள்வது. ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ நடக்கும் கதை என்றால் 'இன்னா', 'கீது', 'வந்துகினு', 'இட்டாந்தான்' என்று பக்கத்துக்குப் பத்து வரும். பிழைதிருத்தி எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு போடும். புத்தகத்தையே அகராதியாக வைத்தால் 'இட்டாந்தான்' நாற்பது முறை வந்த மரியாதைக்குரிய சொல். இதே காரணத்துக்காகத்தான் முழு அத்தியாயத்தையும் செய்யறிவுச் செயலியில் போட்டுத் திருத்தச் சொல்வதை நான் தவிர்க்கிறேன். நன்றாகவே திருத்தும், அதுதான் பிரச்சினை. 'வந்துகினு' சத்தமில்லாமல் 'வந்துகொண்டு' ஆகிவிடும், எங்கே மாற்றியது என்றும் தெரியாது. சந்தேகப் பட்டியலில் இருக்கும் ஒற்றை வரிக்கு அபிப்பிராயம் கேட்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

1978க்கு முன் அச்சான புத்தகங்கள் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அந்த வருடம்தான் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணா, றா, னா வரிசையும் ணை, லை, ளை, னை என்ற நான்கும் சேர்த்து 13 எழுத்துகளின் உருவம் மாறியது. பழைய உருவத்தைப் பார்த்து ஓசிஆர் திணறும். ஆனால் ஒரே மாதிரியாகத் திணறும். முதல் பத்துப் பக்கத்தைக் கையால் திருத்தி, எதை எதுவாகப் படித்திருக்கிறது என்று குறித்துக்கொண்டால் மீதிக்குப் பட்டியல் தயார்.

பைத்தானில் எழுதும்போது ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் விழாதவர் குறைவு. ரெகெக்ஸில், அதாவது உரையில் தேடுவதற்கான குறிமொழியில், 'சொல்' என்பதற்குப் பின்சாய்வுக்கோடு போட்டு டபிள்யூ எழுதுவோம் இல்லையா, பைத்தானின் சொந்த ரெகெக்ஸ் நூலகத்தில் அது உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்காது. 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாகத் திருப்பித் தரும். சொல் எல்லையைக் காட்டும் குறிக்கும் இதே கதி. ரெகெக்ஸ் என்ற பெயரிலேயே தனியாக நிறுவக்கூடிய நூலகம் இருக்கிறது, அது இவற்றைச் சரியாகக் கையாளும். சிகில் போன்ற மின்னூல் தொகுப்பியில் தேடும்போது தமிழ் யூனிகோடு வட்டாரம் முழுவதையும் அடைப்புக்குள் கொடுத்துவிடுவது பாதுகாப்பு.

மேற்கோள் குறிகளில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். ஆங்கிலத்தில் ஒற்றை மேற்கோளா, சொல்லுக்குள் வரும் மேற்குறியா என்ற குழப்பம் தீராத ஒன்று. தமிழில் சொல்லுக்குள் அது வருவதில்லை. முன்னால் இடைவெளியோ பத்தித் தொடக்கமோ இருந்தால் திறப்பு, இல்லையென்றால் மூடல், அவ்வளவுதான். கேள்விக்குறிக்கும் ஆச்சரியக்குறிக்கும் முன்னால் இடம் விடும் பழைய அச்சு வழக்கத்தையும் நீக்கிவிடலாம். ஆறு புள்ளி, எட்டுப் புள்ளி என்று இழுத்துக்கொண்டு போவதைச் சுருக்குவதற்கு முன் மட்டும் ஆசிரியரையோ குடும்பத்தையோ ஒரு வார்த்தை கேளுங்கள். சிலருக்கு அது உயிர்.

ஒவ்வொரு விதியும் முதலில் மாற்றாமல் ஓட வேண்டும். எத்தனை இடம், இருபக்கமும் இருபது எழுத்தோடு முன்னும் பின்னும் எப்படி இருக்கும் என்று ஒரு அறிக்கை எழுதட்டும். எண்ணிக்கையை முதலில் பாருங்கள், என் இரண்டாயிரம் மௌனத்தை நினைத்துக்கொண்டு. முப்பது இடங்களைக் குலுக்கல் முறையில் எடுத்துப் படியுங்கள். ஒன்று தப்பினாலும் விதி பட்டியலுக்குப் போகட்டும். ஒவ்வொரு படியின் வெளியீட்டையும் தனி அடைவில் வையுங்கள், அல்லது கிட் பழக்கம் இருந்தால் அதில் வையுங்கள். மூலத்தில் கை வைக்காதீர்கள்.

ஈபப் என்ற மின்னூல் கோப்பைக் கட்டுவது இதோடு ஒப்பிட்டால் சுலபம். சுத்தமான உரையில் அத்தியாயத் தலைப்புகளைக் குறித்துவிட்டு பாண்டாக் என்ற கோப்பு மாற்றியிடம் கொடுத்தால் ஈபப் ஆக்கித் தரும். 37 கோப்புக்கும் ஒரே கட்டளை, ஒரே சிஎஸ்எஸ் (தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்பு). கண்ணால் பார்த்துச் சில்லறைத் திருத்தம் செய்ய சிகில் அல்லது காலிபர். காலிபர், கோவித் கோயல் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள். அதன் கட்டளைவரிக் கருவிகளை வைத்தே மேலட்டை, நூல் விவரம் எல்லாவற்றையும் மொத்தமாகச் சேர்க்கலாம். வேர்டிலிருந்து நேராக எச்டிஎம்எல் ஆகச் சேமித்து அதை ஈபப் ஆக்காதீர்கள். பத்திக்குப் பத்தி எழுத்துரு, அளவு, நிறம் என்று வேர்டு ஒட்டிவைக்கும் குப்பையை வழிப்பதற்குள் புத்தாண்டு வந்துவிடும்.

சிஎஸ்எஸில் மிகக் குறைவாக எழுதுங்கள். வரி இடைவெளி ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக, எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கு. பத்தித் தொடக்க உள்தள்ளலைச் சிஎஸ்எஸிடமே விடுங்கள், இடைவெளி தட்டித் தள்ளாதீர்கள். இருபக்கமும் நேராக்கும் அமைப்பு தமிழுக்கு ஆகாது. நம் சொற்கள் நீளம். போன் திரையில் வரிக்கு மூன்று சொல் நின்று நடுவே வெற்றிடம் ஆறாக ஓடும். இடப் பக்கம் மட்டும் நேராக இருக்கட்டும். சாய்வெழுத்து வேண்டாம், தமிழ் எழுத்தைச் சாய்த்தால் விழப்போகிற மாதிரி இருக்கும். அத்தியாயத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் ஆசையும் வேண்டாம். 'தொடங்கியது' என்று அத்தியாயம் ஆரம்பித்தால் சில செயலிகள் தகரத்தை மட்டும் பெரிதாக்கிவிட்டுக் கொம்பையும் காலையும் அநாதையாக விட்டுவிடும். எழுத்துரு பொதிப்பதானால் நோட்டோ செரிஃப் தமிழ் போல உரிமம் திறந்தவற்றை எடுங்கள். நூல் விவரத்தில் மொழி தமிழ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பல மென்பொருள்கள் கேட்காமலே ஆங்கிலம் என்று போட்டுவிடும், குரல் வாசிப்பு அதை நம்பி ஆங்கிலக் குரலில் திணறும்.

ஈபப் என்பது ஜிப் கோப்புதான். அதை நீங்களே பிரித்து மறுபடி கட்டினால், மைம்டைப் என்ற இருபது எழுத்துக் கோப்பு முதலாவதாகவும் சுருக்கப்படாமலும் இருக்க வேண்டும். வலது கிளிக் செய்து ஜிப் ஆக்கினால் அது நடக்காது. கடைசியில் எல்லாவற்றையும் ஈபப்செக் என்ற சோதனைக் கருவியில் ஓட்டி, பிழை வந்த கோப்பை மட்டும் தனியாகத் தள்ளச் சொல்லுங்கள். கிண்டிலுக்குப் போவதானாலும் இதே கோப்பைப் பதிவேற்றலாம். அமேசான் 2016 டிசம்பரில் தமிழ் நூல்களைத் தொடங்கியபோது இருந்த பயம் இப்போது தேவையில்லை. உரிமை விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா அச்சிட்டார் என்பதால் மின்னூல் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. நூல் நாட்டுடைமை ஆகியிருக்க வேண்டும், அல்லது ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆசிரியரின் அல்லது அவர் குடும்பத்தின் கையெழுத்து வேண்டும்.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் கையால் முடித்த அந்த முதல் நாவலின் அழுக்குக் கோப்பை மறுபடி எடுங்கள். அதில் நிரலை ஓட்டி, வருவதை நீங்கள் திருத்திய பிரதியோடு ஒப்பிடுங்கள். எங்கே நிரல் தப்புகிறது என்று அதுவே வரி வரியாகக் காட்டிவிடும்; அந்த ஒன்றரை மாதமும் வீணில்லை. அப்புறம் மற்ற நாவல்கள். கவிதைத் தொகுப்பு இரண்டையும் வரி ஒட்டும் நிரலின் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், வெண்பாவை உரைநடை ஆக்கிவிடும். நாவலுக்குள் நடுநடுவே பாட்டு வந்தால் அதற்கு முன்னும் பின்னும் ஒரு குறி போட்டுவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். சமையல் புத்தகம் ஒன்று இருப்பதாகச் சொன்னீர்கள். கால் டீஸ்பூன், அரை ஆழாக்கு எல்லாவற்றையும் ஓசிஆர் ஒவ்வொரு விதமாகப் படித்திருக்கும், பொருள் பட்டியல் இரண்டு பத்தியாக வேறு இருக்கும். அதற்கு நிரல் எழுதும் நேரத்தில் பக்கத்து டிடிபி சென்டரில் கொடுத்துப் புதிதாகவே அடித்து வாங்கிவிடலாம்.